உயிருள்ள மாதிரி

‘தென்சென்னைப் புறநகர் நகர்ப்புற இசை ஒலித்தர நிர்ணயக் கழகம்’ என்று சுவரில் எழுத வந்த ஓவியர், பாதியில் ஏணியை விட்டு இறங்கி, “சார், செவுரு தீந்துபோச்சு” என்றாராம். மீதிப் பெயரைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சுவரில் எழுத அனுமதி வாங்கினார்கள். அதனால் முகூர்த்த நாட்களில் மேற்குத் தாம்பரம் வழியாகப் போகிறவர்கள், ‘ஒலித்தர நிர்ணயக் கழகம்’ என்ற எழுத்துக்குக் கீழே வாழைமரம் கட்டி மாப்பிள்ளை அழைப்பு நடப்பதைப் பார்த்திருக்கலாம். ஊர்க்காரர்கள் அவ்வளவு நீளத்துக்கு வாயைத் திறக்கத் தயாராக இல்லை. ‘சவுண்டு ஆபீஸ்’ என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. பாட்டுக்கு வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவது குறைந்து, மேளத்தையும் தாளத்தையும் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்த காலம். அதற்கென்று ஒலித்தொகுப்புகள் சி.டி.யில் வந்தன. ஆயிரக்கணக்கான ஓசைகளைப் பதிந்து வைத்த மென்பொருள் அது. கம்ப்யூட்டரோடு இணைத்த கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் டோலக், இன்னொன்றை அமுக்கினால் ஆட்டோ ஹாரன். புறநகரில் கானாவும் மேடைப்பாட்டும் போடுகிற இளைஞர்களுக்கு இப்படி ஒரு தொகுப்பை வாங்கிக் கொடுக்கத்தான் கழகம் பிறந்தது. வாங்குமுன் மதிப்பிட வேண்டும் என்பது விதி. கழகம் பிறந்து இரண்டு வருஷமாகியும் அதன் காதில் ஓர் ஓசையும் விழவில்லை. மதிப்பீடு மட்டும் இடைவிடாமல் நடந்துகொண்டிருந்தது.

கழகத்தின் தலைவர் தோத்தாத்ரி, எடையளவுத் துறையில் தராசுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். சங்கீதம் தெரியாது. அதையே தன் முதல் தகுதியாகச் சொல்லிக்கொள்வார். “சங்கீதம் தெரிஞ்சவன் ஒரு பக்கமா சாஞ்சிடுவான். தராசு முள்ளு நடுவுல நிக்கணும்.”

இந்தத் தோத்தாத்ரி ஒருநாள் சேலையூர் கேம்ப் ரோடில் அத்தாவுல்லாவின் ஹார்டுவேர் கடைக்குப் பூட்டு வாங்க வந்தார். கழகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திறங்கியிருந்தது. பூட்டு வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் பூட்டைத் தேடி அவரே புறப்பட்டிருந்தார். கடையின் மாடியிலிருந்து ‘கும் கும்’ என்று சத்தம் வந்தது.

“மேல என்ன சத்தம் பாய்?”

அத்தாவுல்லா தலையைக் குனிந்துகொண்டார். “நம்ம பையன் ஜமீர் சார். கம்ப்யூட்டர்ல பாட்டு போடுறானாம். நான் இரும்பு விக்கிறேன், அவன் காத்த விக்கிறான்.”

தோத்தாத்ரியின் முகம் மலர்ந்தது. “கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியுமா?”

“அதெல்லாம் தெரியும் சார்.”

அடுத்த வாரமே ஜமீர் கழகத்தின் ‘தொழில்நுட்ப வல்லுநர் உறுப்பினர்’ ஆனான். கழுத்தில் மாட்டிக்கொள்ள நீல நாடாவில் ஓர் அட்டை கொடுத்தார்கள். இத்தனை வருஷமாக மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்காத அத்தாவுல்லா, ஆணி வாங்க வந்தவர்களிடமெல்லாம், “பையன் வல்லுநர், ஆபீஸ் போயிருக்கான்” என்று சொல்ல ஆரம்பித்தார். ஜமீர் படியிறங்கும்போது இது காதில் விழும். அன்று முழுதும் அவனுக்குத் தரையில் கால் பாவாது.

மாடியில் ‘கும் கும்’ என்று வாசித்துக்கொண்டிருந்தவர் குப்பன். செம்பாக்கம் ஏரிக்கரையோரம் குடியிருப்பவர். சாவு வீட்டிலும் கருமாதியிலும் கானா கச்சேரியிலும் டோலக் வாசிப்பவர். ஜமீர் போட்ட கானா சி.டி.க்களில் மற்றதெல்லாம் கம்ப்யூட்டர், டோலக் மட்டும் குப்பன். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த சி.டி.யைக் கேட்டு வாங்கியது எதற்காக என்று ஜமீருக்குத் தெரியும். வெளியில் சொன்னதில்லை.

முதல் கூட்டத்துக்குப் போன ஜமீர் அட்டையைச் சரிசெய்துகொண்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தான். கைதட்டினார்கள். ‘மெட்ராஸ் தண்டர்’ என்ற தொகுப்பின் பெட்டியை மேஜைமேல் வைத்திருந்தார்கள். அதைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டார்கள்.

“ஸ்பீக்கர் எங்க சார்?” என்று ஜமீர் கேட்டான்.

தோத்தாத்ரி சிரித்தார். “ஸ்பீக்கர் பொழுதுபோக்குச் சாதனம் தம்பி. ஆபீஸ் செலவுல வாங்கினா ஆடிட்ல மாட்டிக்குவோம்.”

“அப்ப எப்படி சார் கேக்குறது?”

“கேக்கணும்னு எந்த விதியில இருக்கு? மதிப்பிடணும்னுதான் இருக்கு.”

இரண்டாவது உறுப்பினர் பேராசிரியர் சாம்பசிவன் தலையாட்டி ஆமோதித்தார். சங்கீத இலக்கணத்தில் பெரிய பட்டம் வாங்கியவர். கானா என்ற சொல்லைக் கேட்டாலே காதில் பஞ்சை வைத்துக்கொள்வார். அதனால் சட்டைப் பையில் எப்போதும் பஞ்சு இருக்கும். “ஒலியைக் காதால கேட்டா ஒரு விருப்பு வெறுப்பு வந்துடும். திரையில அலை வடிவம் தெரியறது பாருங்கோ, அதுதான் சாஸ்திரம்” என்றார். திரையில் டோலக் ஒலியின் படம் ஓடியது. ஒரே உயரத்தில் ஒரே அகலத்தில் வரிசையாக நின்ற கோடுகளைப் பார்த்து, “என்ன ஒழுக்கம்!” என்று உருகினார்.

ஜமீருக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் பெரியவர்கள் தலையாட்டியபோது அவனும் ஆட்டினான். தலையாட்டுவது அவ்வளவு சுலபமாக வந்தது பற்றி வீடு திரும்பும்போது பஸ்ஸில் கொஞ்சம் யோசித்தான். பஸ் கேம்ப் ரோடு திரும்பியதும் விட்டுவிட்டான்.

மூன்றாவது கூட்டத்துக்கு அவனே தன் ஸ்பீக்கர்களைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு போனான். கழகத்துச் செலவில்லை என்பதால் ஆட்சேபம் எழவில்லை. அன்று மெட்ராஸ் தண்டர் கம்பெனியின் விற்பனையாளர் ஷ்யாம்சுந்தரும் வந்திருந்தார். டை கட்டியிருந்தார், அந்த வெக்கையிலும் வேர்க்கவில்லை. “சார், இது பக்கா லோக்கல் ஃபீல். ஃபாரின்ல ரெக்கார்ட் பண்ணது” என்று சொல்லிக் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினார்.

‘டப்’ என்றது.

இன்னொரு தரம் அமுக்கினார். மறுபடியும் ‘டப்’. காலித் தண்ணீர் கேனை யாரோ முழங்கையால் இடித்ததுபோல இருந்தது.

ஜமீர் அன்று யோசிக்கவில்லை. தொழில் செய்கிறவனின் வாய் முந்திக்கொண்டது. “சார், இது டோலக் மாதிரியே இல்ல சார்.”

தாம்பரம் விமானப்படை நிலையத்திலிருந்து கிளம்பிய சின்ன விமானம் ஒன்று தலைக்குமேல் ரீங்கரித்துக்கொண்டு போனது.

“மாதிரி இல்லைன்னா, எது மாதிரி இல்ல?” என்றார் தோத்தாத்ரி. “ஒப்பிடறதுக்கு ஒண்ணு வேணுமே.”

“எங்க குப்பண்ணன் வாசிக்கிறத ஒருதரம் கேட்டீங்கன்னா சார்...”

வாயிலிருந்து அந்தப் பெயர் போய்விட்டது. பிறகு எத்தனையோ முறை ஜமீர் அந்த நொடியை நினைத்துப் பார்த்திருக்கிறான். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். அதுதான் அவனுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

தோத்தாத்ரி பேனாவை எடுத்தார். ‘ஒப்பீட்டுக்கு உயிருள்ள மாதிரி ஒன்றை வரவழைப்பது’ என்று தீர்மானம் நிறைவேறியது.

செம்பாக்கத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது குப்பனுக்கு நம்பிக்கை வரவில்லை. “இன்னா ஜமீரு, மெய்யாலுமே ஆபீஸ்ல என்னிய கூப்ட்டாங்களா? சாவு வூட்ல கூட பந்தலுக்கு வெளியதான் குந்த வெப்பாங்க. ஆபீஸ்லயா?” அவருடைய அண்ணன் தசரதன் வெளியே வந்து, “போயி நல்லா வாசிடா, நம்ம பேரு நிக்கணும்” என்றார். பழைய லாரி டிரைவரான தசரதன், தம்பி வாசிப்பைக் கேட்டால் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஆடிவிடுகிற மனுஷர். தன்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையைக் குப்பனுக்குக் கொடுத்தார்.

அதற்குள் கழகத்தில் ஒரு சிக்கல் வந்தது. செம்பாக்கம் பேரூராட்சி. பேரூராட்சியில் குடியிருப்பவன் எழுப்பும் ஒலி நகர்ப்புற ஒலி ஆகுமா? சாம்பசிவன் இதுபற்றி நீளமாகப் பேசினார். கடைசியில், குப்பன் அத்தாவுல்லாவின் ஹார்டுவேர் கடை முகவரியில், தாம்பரம் நகராட்சி எல்லைக்குள், சோதனை முடியும்வரை வசிப்பதாகக் கருதிக்கொள்வது என்று முடிவாயிற்று. குப்பனிடம் சொன்னபோது, “அப்ப கடையில துன்னு தூங்கணுமா?” என்று கேட்டார். “சும்மா கருதிக்கணும்ணா” என்றான் ஜமீர்.

ஒப்பீட்டு விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. மழைக்காலம். மைக், குத்துவிளக்கு, கழகத்துக் கம்ப்யூட்டரும் அதன் திரையும், மேடையில் நாற்காலிகளுக்குத் துண்டு எல்லாம் இருந்தன. வல்லுநரின் தந்தை என்ற முறையில் அத்தாவுல்லாவை அழைத்திருந்தார்கள். அவர் வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசனையுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடையை விட்டு மகனுக்காக அத்தா எங்கேயும் வந்து ஜமீர் பார்த்ததில்லை.

மேடை ஓரத்தில் குப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். ஈரக்காற்றில் டோலக்கின் தோல் தொய்ந்திருந்தது. எங்கேயாவது அனல் காட்டினால் சரியாகிவிடும். சமையல்கட்டில் அடுப்பு எரிவதைப் பார்த்து டோலக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“எங்க போறே? உக்காரு” என்றார் தோத்தாத்ரி. “மாதிரியைச் சோதனைக்கு முன்னாடி மாத்தக்கூடாது.”

“இல்ல சார், தோலு தொங்கிகினு கீது, ஒரு அனலு...”

“வந்த நிலையில இருக்கட்டும்.”

குப்பன் ஜமீரைப் பார்த்தார். அனல் காட்டாத டோலக்கை வைத்துக்கொண்டு யாரும் எதையும் ஒப்பிட முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜமீர் கழுத்து அட்டையைத் திருப்பி நேராக்கினான்.

குப்பன் வாசித்தார். தொய்ந்த தோலை உள்ளங்கையால் இழுத்து அமுக்கி, அதிலிருந்தே ஒரு ‘கும்’மை எடுத்தார். முதலில் மெதுவாக, சவம் வீட்டிலிருந்து கிளம்புவதுபோல. பிறகு தெருமுனை திரும்பும்போது வரும் வேகம். கடற்கரைக்குப் போகிற மின்சார ரயில் அந்த நேரம் பார்த்துத் தடதடத்துப் போக, குப்பன் அதையும் சேர்த்துக்கொண்டார். சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு கதவருகே வந்து நின்றார். மண்டபத்தில் பலருடைய தலைகள் ஆடின. ஜமீர் முதல் வரிசையைப் பார்த்தான். காற்றை விற்பதை ஒரு தொழிலாகவே ஒப்புக்கொள்ளாத அத்தாவின் சுட்டுவிரல், நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

குப்பன் முடித்ததும் ஷ்யாம்சுந்தர் கட்டையை அமுக்கினார். ‘டப். டப். டப். டப்.’

சாம்பசிவன் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். “நான் கேக்கலை. ஆனா திரையில பார்த்தேன். குப்பனோட ஒலியில பெரிய குறை என்னன்னா, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வர்றது. ஒரு மனுஷனுக்கு ஒரு நிலையான கருத்து இருக்க வேண்டாமா? மென்பொருளைப் பாருங்கோ. முதல்ல சொன்னதையே கடைசி வரைக்கும் சொல்றது. நான் என் பி.எச்டி.யில சொன்னதைத்தான் இன்னிக்கும் சொல்றேன். அதுக்குப் பேருதான் தரம்.”

தோத்தாத்ரி எழுந்தார். “பெரியோர்களே, நான் மார்க்கெட்ல தராசு பார்த்தவன். ஒரு கத்திரிக்காய்க்காரன் என்கிட்டயே சொன்னான், ‘சார், என் கல்லு சரி, உங்க கல்லுதான் தப்பு’ன்னு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவன் கல்லைத் தூக்கி ஏரியில போட்டேன். என் கல்லு சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதுல முத்திரை இருந்தது. முத்திரைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? நாம யோசிக்காம இருக்கத்தான்! இங்க பாருங்க. மெட்ராஸ் தண்டர் பெட்டியில முத்திரை இருக்கு. குப்பன்கிட்ட இருக்கா? இல்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா, எது எதோட ஒத்துப்போகணும்? இதை நான் சொல்லக்கூடாது. வல்லுநர் சொல்லட்டும். மிஸ்டர் ஜமீர், ஒரே வார்த்தை. குப்பனோட வாசிப்பு தரத்திலேருந்து வேறுபடுதா, இல்லையா?”

மைக் கைக்கு வந்தது. வேறுபடுகிறது என்பது உண்மைதான். வேறுபடாவிட்டால்தான் அவமானம். அதை எப்படிச் சொல்வது என்றுகூட அவனுக்குத் தெரியும். ‘சார், தப்பு பொட்டியில இருக்கு’ என்று சொன்னால் போதும். தோத்தாத்ரி கழுத்து அட்டையைத் திருப்பிக் கேட்பார். நாளைக் காலையில் அத்தா ஆணி வாங்க வருகிறவர்களிடம் என்ன சொல்வார்? அத்தா முதல் வரிசையிலிருந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மகனின் கையிலிருந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேறுபடுது சார்” என்றான் ஜமீர்.

கைதட்டல். அத்தாவும் தட்டினார். தட்டிவிட்டு, சற்றுமுன் தாளம் போட்ட விரலை, தப்புச் செய்துவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

குப்பன் தரையிலிருந்து நிமிர்ந்தார். மைக் இல்லாமல், மெதுவாகக் கேட்டார். “தப்பா வாசிச்சுட்டனா ஜமீரு?”

“கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணணும்ணா” என்றான் ஜமீர்.

டோலக்கை மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். தோத்தாத்ரி பெரிய ரப்பர் முத்திரை ஒன்றை மையில் தோய்த்து, தோலின் நடுவில் ஓங்கிக் குத்தினார். ‘நிராகரிக்கப்பட்டது.’ ஈரக்காற்றில் மை காயவில்லை. அழிந்துவிடப் போகிறதே என்று குப்பன் குனிந்து பதமாக ஊதிக் காயவைத்தார். அவருக்கு எழுதப் படிக்க வராது.

“இன்னா எழுதிக்கீது?”

“ஆபீஸ் சீலுண்ணா.”

குப்பன் சந்தோஷமாகத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஏரிக்கரையில் இறங்கியதும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு டோலக்கைக் காட்டியிருக்கிறார். எட்டாவது படிக்கிற அவர் மகள்தான் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாளாம். இது ஜமீருக்குப் பிறகு தசரதன் சொல்லித் தெரிந்தது. தசரதன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஜமீருக்கு இருந்தது.

இரண்டு நாள் அவன் செம்பாக்கம் பக்கம் போகாமல் சுற்று வழியில் போனான். வீட்டில் மனைவி தபஸ்ஸும் கேட்டாள். “விழாவுல குப்பண்ணன் எப்படி வாசிச்சாரு?”

“நல்லா வாசிச்சாரு.”

“பின்ன ஏன் அவருக்கு நல்ல சீலு குடுக்கலையாம்? நீங்க ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“சொன்னேன். பாக்குறோம்னாங்க.”

தபஸ்ஸும் வெங்காயம் உரிப்பதை நிறுத்தி அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி உரித்தாள். நம்பவில்லை என்பதை இதைவிட அமைதியாக யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பார்வை தாங்காமல் அவன் மறுநாளே கழகத்துக்குப் போனான். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று படிக்குப் படி வசனத்தைத் தயார் செய்துகொண்டே ஏறினான். தோத்தாத்ரி எழுந்து நின்று, “வாங்க ஜமீர் சார்!” என்றார். துண்டு போட்ட நாற்காலி. தட்டு வைத்த கோப்பையில் டீ. “உங்களைத்தான் நினைச்சிண்டிருந்தேன். தரத்துக்கு வராத கலைஞர்களைச் சும்மா விட்டுட முடியுமா? நாம மனுஷா இல்லையா? பயிற்சி முகாம் ஆரம்பிக்கிறோம். நீங்கதான் தலைமைப் பயிற்சியாளர்.”

டீ ஆறுவதற்குள் ஜமீர் ஒத்துக்கொண்டிருந்தான். கீழே இறங்கும்போது அவன் தயார் செய்த வசனத்தில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

முதல் மாணவராகக் குப்பனே வந்தார். கழகம் கல்யாண மண்டபங்களுக்கும் சவுண்டு சர்வீஸ்காரர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. தர முத்திரை இல்லாத வாத்தியத்தை நகர்ப்புறத்தில் ஊக்குவிக்க வேண்டாம் என்று. சாவு வீட்டுக்காரர்கள்கூட, “சீலு கீதா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். கேட்கிறவர்களுக்கு அது என்ன என்று தெரியாது. மற்றவர்கள் கேட்கிறார்களே என்று அவர்களும் கேட்டார்கள்.

“கத்துக்குடு ஜமீரு” என்றார் குப்பன். “இத்தினி வருசமா தப்பாவே வாசிச்சிகினு கீறேன் போல. ஒருத்தனும் சொல்லல பாரு.”

ஜமீர் கீபோர்டு கட்டையை அமுக்கினான். ‘டப்.’ குப்பன் கண்ணை மூடிக் கேட்டு, டோலக்கில் ஒரு அடி அடித்தார். ‘கும்’ என்று வந்தது. “சே” என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுபடியும் ‘டப்’. மறுபடியும் ‘கும்’. பழக்கதோஷத்தில் உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போனது. மணிக்கட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டால் சரியாகுமா என்று அவரே யோசனை சொன்னார். கட்டிக்கொண்டு வாசித்தும் பார்த்தார்.

அதற்குமேல் ஜமீருக்குப் பொறுக்கவில்லை. “அண்ணா, நிறுத்துங்க. உங்க வாசிப்புல ஒரு தப்பும் இல்ல. அது மிஷினு. அதுக்கு உங்கள மாதிரி வராது. அதான் நெசம்.”

குப்பன் சிரித்தார். வருத்தப்படுகிற பிள்ளையைத் தேற்றுகிற சிரிப்பு. “எம்மேல கீற பாசத்துல சொல்றே. அன்னிக்கு ஊரு முன்னாடி, உங்க நைனாவ குந்த வெச்சிகினு, மைக்குல சொன்னியே. அதான் நெசம். பெத்தவரு முன்னாடி யாராச்சும் பொய் சொல்வானா?”

ஜமீர் மறுபடியும் கட்டையை அமுக்கினான்.

தை மாதம் மறுசோதனை நடந்தது. இந்த முறை டோலக்கை அடுப்பருகே கொண்டுபோகக் குப்பன் கேட்கவே இல்லை. ‘டப். டப். டப்.’ ரயில் போனது, அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சமையல்காரர் யாரும் வெளியே வரவில்லை. திரையில் கோடுகள் ஒழுக்கமாக அணிவகுத்து நின்றன. சாம்பசிவன் பஞ்சு வைக்க மறந்து போயிருந்தார், கேட்டும் எதுவும் தோன்றவில்லை. “இப்போதான் சாஸ்திரத்துக்கு வந்திருக்கார்” என்றார். பழைய முத்திரைமேல் புதிய முத்திரை விழுந்தது. ‘தரமானது.’

“ஒரு மனிதனை எடைக்குக் கொண்டுவந்துவிட்டோம்” என்று தோத்தாத்ரி பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது. ஷ்யாம்சுந்தர் அங்கேயே குப்பனின் ஒலியைப் பதிந்துகொண்டார், தொகுப்பின் அடுத்த பதிப்பில் ‘அசல் சென்னை டோலக்’ என்று சேர்ப்பதற்கு. சேர்த்தார்களா இல்லையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மைக்கைக் கொடுத்தபோது குப்பன் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னார். “எங்க ஜமீரு தம்பி இல்லன்னா நான் இல்ல.” அத்தா எழுந்து நின்று கைதட்டினார்.

அந்தக் கோடையில் தசரதன் இறந்துபோனார். மார்வலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் மதியம் எடுப்பதாகச் சொன்னார்கள். ஜமீர் மாலையோடு செம்பாக்கம் போனான். ஷேர் ஆட்டோக்காரர்களும் லாரி டிரைவர்களும் ஏரிக்கரை முழுக்க நின்றிருந்தார்கள். ஆடிப் பெயரெடுத்த மனுஷர் போகிறார், ஆடாமல் அனுப்பக்கூடாது என்று லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

அண்ணனின் தலைமாட்டில் குப்பன் டோலக்கோடு உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. பாடை தூக்கியதும் எழுந்து முன்னால் வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

‘டப். டப். டப். டப்.’

இளைஞர்கள் ஓரடி எடுத்து வைத்தார்கள். கால் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். ஒருவன் விசிலடித்துப் பார்த்தான். விசில் தனியாகப் போய் ஏரியில் விழுந்தது. குப்பனின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. கைகள் மட்டும், பிசகாமல், ஒரே உயரத்தில் ஒரே அகலத்தில் விழுந்தன. ஊர்வலம் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி நடந்தது.

தசரதனின் மனைவி அபிராணி பெண்களின் பிடியை உதறிக்கொண்டு ஓடிவந்தாள். “யோவ்! செத்தது உன் அண்ணன்யா! எவனோ செத்த மாதிரி அடிக்கிறியே! அந்த மனுசன் காதுல வுழுற மாதிரி ஒருவாட்டி அடிய்யா!”

குப்பன் வாசிப்பை நிறுத்தவில்லை. மிரண்டுபோய்க் கூட்டத்தைத் துழாவினார். வேலியோரம் நின்றிருந்த ஜமீரைக் கண்டுபிடித்ததும் அந்த முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. வாயால் கேட்க முடியாமல் புருவத்தை உயர்த்தினார். கரெக்டாத்தானே கீது?

எல்லோரும் ஜமீரைத் திரும்பிப் பார்த்தார்கள். அபிராணியும் பார்த்தாள். அவன் கையிலிருந்த மாலையிலிருந்து இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்பதையும் இங்கேயே, இந்தச் சவத்துக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

ஜமீர் தலையை ஆட்டினான். ஆமாம் என்று.

குப்பன் நிம்மதியாக அண்ணியிடம், “சரியாதான் கீது அண்ணி, சாரே சொல்ட்டாரு” என்றார். அவனை அவர் சார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் திரும்பி, சுடுகாடு வரைக்கும், ஒரு அடிகூட மாறாமல் வாசித்துக்கொண்டு போனார்.